மாதக் கடைசி ஏற்றம்

இந்த சோபாவைச் செய்தவன் ஒருநாளாவது இதில் உட்கார்ந்து பார்த்திருப்பானா என்று செண்பகவல்லி எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுகிறது, முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது, புடவை மடிப்பு அத்தனையும் ஒரு பக்கமாகச் சரிகிறது, எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு கையையும் ஊன்றி ஒரு முனகல் முனகித்தான் எழுந்திருக்க வேண்டும்; முப்பத்தேழு வயதில், அதுவும் எதிரே இருபத்துநாலு இருபத்தைந்து வயதில் மூன்று பேர் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அந்த முனகலை எப்படி முனகுவது? மணி பத்து இருபது. பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது நிமிஷம் முன்னாலேயே போய் மனசை அமைதியாக்கிக்கொள்ளுங்கள் அக்கா என்று இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுத்த ரித்விக் சொல்லியிருந்தான். ரித்விக்குக்கு அமைதி என்றால் என்னவென்றும் தெரியாது, முப்பதாம் தேதி என்றால் என்னவென்றும் தெரியாது. இன்று முப்பதாம் தேதி. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இந்த ஆலோசனைக் கம்பெனிக்காரர்கள் பொறுக்கி எடுத்துக் கொடுத்த நாள் இது. மற்ற கம்பெனிகளுக்கு எதை எங்கே எப்படி விற்பது என்று யோசனை சொல்வதுதான் இவர்கள் பிழைப்பு. விற்பனையில் இருக்கிற ஒருத்தியை மாதக் கடைசியில் கூப்பிடக்கூடாது என்கிற யோசனை மட்டும் இவர்களுக்கு வரவில்லை. அவள் பன்னிரண்டு வருஷமாக ஒரு ஷாம்பூ கம்பெனியில் இருக்கிறாள். தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரை எந்தப் பெட்டிக்கடையில் எந்த ஷாம்பூச் சரம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்த ஏரியா முழுக்க அவள் பொறுப்பு. ஏரியா மேனேஜர் முப்பதாம் தேதி லீவு கேட்பதும் கல்யாணப் பெண் முகூர்த்தத்துக்கு லீவு கேட்பதும் ஒன்றுதான். அதனால் செங்கல்பட்டு பஜாரில் இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு, கிண்டியில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். காலையில் மேலதிகாரி பாலகுரு முதல் போன் போட்டபோதே கேட்டுவிட்டார். “என்ன செண்பகம், பஜார்ல இருக்கேன்றீங்க, ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேக்கல?” “பேங்க்குக்குள்ள இருக்கேன் சார்,” என்றாள். பொய் சொன்ன எரிச்சலைவிட, இந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்காதது அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

கேஸ் இன்டர்வியூ என்று இதற்குப் பெயர். ஏதோ ஒரு கம்பெனியின் தொல்லையைச் சொல்லுவார்கள், பிஸ்கட் விற்கவில்லை, பற்பசை தேங்கிவிட்டது என்று. அரை மணி நேரத்தில் எதிரே உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்ந்து வழி சொல்ல வேண்டும். உண்மையான பிஸ்கட் விற்காமல் போனால் உண்மையான மேனேஜர்கள் எட்டு மாசம் மீட்டிங் போட்டும் வழி தெரியாமல் முழிப்பார்கள், இங்கே அரை மணி நேரம். ஒரு நிமிஷம் யோசிக்க அனுமதி கேட்க வேண்டும். பிறகு தாளில் மரம் போட வேண்டும். மரம் என்றால் கிளை, கிளைக்குக் கிளை. ஒரு கிளை இன்னொன்றின் மேல் விழக்கூடாது, ஒன்றும் விட்டுப்போகவும் கூடாது. இரண்டு மாசமாக வீட்டில் எங்கே பார்த்தாலும் மரம்தான், பால் கவரை வெட்டிப்போட்டு அதன் மேல்கூடப் போட்டுப் பார்த்தாள். கேள்வி கேட்கிற ஆளாக நயினாரை உட்காரவைத்தது அவள் செய்த தப்பு. அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், கழுத்தில் தொங்குகிற ஸ்டாப் வாட்சை வீட்டுக்கு வந்தும் கழற்றாதவர். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். “ஒரு பிஸ்கட் கம்பெனி. போன வருஷத்தைவிட விற்பனை பன்னெண்டு சதவீதம் குறைஞ்சிருக்கு. ஏன்? ஸ்டார்ட்.” அவள் நியாயமாகத்தான் கேட்டாள், “எந்த ஊர்லங்க குறைஞ்சிருக்கு, டவுன்லயா கிராமத்துலயா?” நயினார் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அது இதுல போடலியே செம்பா.” “போடலேன்னா?” “போடலேன்னா அடுத்தது கேளு, இருபது செகண்டு போச்சு.” “சரி, கடைக்காரங்க வாங்குறது குறைஞ்சிருக்கா, சனங்க வாங்குறது குறைஞ்சிருக்கா?” “அதுவும் போடல. முப்பத்தஞ்சு.” அந்த ஸ்டாப் வாட்சைப் பிடுங்கிச் சாம்பாரில் போடலாமா என்று இருந்தது. ஆனால் மனுஷன் விளையாட்டுக்குச் செய்யவில்லை, நாலு வாரம் தூக்கம் கெட்டு உட்கார்ந்து வாசித்தார். இன்று காலை ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது பைக்கை அணைக்காமலே, “ரெண்டு நிமிஷம் யோசி, பயப்படாத, நீ இதுவரைக்கும் தோத்த ஆளு இல்ல,” என்றார். அந்த வார்த்தைதான் இப்போது உறுத்துகிறது. தோற்காத ஆள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மாசம்கூட டார்கெட் தவறவில்லை. அதற்குக் கம்பெனி ஒரு வெள்ளிப் பிள்ளையார் கொடுத்தது, டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. எப்படித் தவறாமல் இருந்தாள் என்று அந்தப் பிள்ளையாருக்குத் தெரியும்.

எதிரே இருந்த மூவரில் ஒருத்தி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சுலோகம் இல்லை, பெருக்கல். இந்தியாவில் ஒரு நாளைக்கு எத்தனை குளியல் சோப்பு செலவாகிறது என்று கேட்பார்களாம், மனக்கணக்காகச் சொல்ல வேண்டுமாம். நூற்றுநாற்பது கோடியை நாலால் வகுத்துக் குடும்பம், குடும்பத்துக்கு மாசம் இத்தனை சோப்பு, அதை முப்பதால் வகுத்தால் நாள், முப்பதால். மறுபடியும் முப்பது. எந்த வழியாகப் போனாலும் இந்த எண் வந்து முன்னால் நிற்கிறது. ரித்விக் நடத்திய பதினாலாவது கேஸும் அதுதான். ரித்விக் அவளுக்கு இணையத்தில் பயிற்சி கொடுத்த பிள்ளை, இருபத்துநாலு வயது, ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு சரம் ஷாம்பூ விற்றுப் பார்த்ததில்லை, விற்பனை என்றால் அவனுக்கு நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட ஒரு வரைபடம். திரையில் காட்டினான். ஒரு பற்பசைக் கம்பெனி தினமும் எவ்வளவு விற்கிறது என்கிற கோடு. மாசம் முழுக்கத் தரையோடு தரையாகப் போகிறது, கடைசி மூன்று நாள் செங்குத்தாக ஏறுகிறது, ஒன்றாம் தேதி தொப்பென்று விழுகிறது, மறுபடி முப்பது, மறுபடி ஏற்றம். “ஏன்னு சொல்லுங்க அக்கா.” பார்த்த உடனே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறொருவர் வீட்டுச் சுவரில் தன் போட்டோவைப் பார்த்த மாதிரி இருந்தது. “தம்பி, இது சனங்க வாங்குறது இல்லப்பா. கம்பெனி ஆளுங்க டார்கெட் முடிக்க ஏஜென்ட் தலையில கட்டுறது. பற்பசை அவரு குடோன்லதான் இருக்கும், யார் வாயிக்கும் போயிருக்காது,” என்றாள். மதுராந்தகத்தில் ஒரு தடவை என்று ஆரம்பித்தாள். அவன் கையை உயர்த்தினான். “அக்கா, அக்கா. உங்க அனுபவம் சூப்பர். ஆனா இது கதை. இன்டர்வியூவில கதை சொல்லாதீங்க. மாசக் கடைசியில சம்பளம் வருது, சம்பளம் வந்தா வாங்குறாங்க. விடைத்தாள்ல அப்படித்தான் இருக்கு. அங்கேர்ந்து விளம்பரத்தை எந்தத் தேதியில குடுக்கலாம்னு போகணும்.” சம்பளமாம். ஒன்றாம் தேதி தொப்பென்று விழுகிறதே, சம்பளம் வாங்கினவன் முப்பத்தொன்றாம் தேதியோடு பல் விளக்குவதை நிறுத்திவிட்டானா? கேட்கவில்லை. அவனிடம் பயிற்சி எடுத்த பதினோரு பேர் இங்கே வேலையில் இருக்கிறார்கள், இவளிடம் பயிற்சி எடுத்தவர்கள் மதுராந்தகத்தில் வெயிலில் அலைகிறார்கள். அதனால் விடைத்தாளை மனப்பாடம் செய்தாள். சம்பள நாள், வாங்கும் சக்தி, விளம்பரத் தேதி. சம்பள நாள், வாங்கும் சக்தி, விளம்பரத் தேதி. அதைச் சொல்லும்போதெல்லாம் வாயில் சோப்பு நுரை கரைகிற மாதிரி இருந்தது, ஆனாலும் சொன்னாள், ஏனென்றால் இந்த வேலை வேண்டும். இன்னொரு முப்பதாம் தேதியை அவளால் பார்க்க முடியாது. இங்கே கிடைத்தால் இனி முப்பதாம் தேதி வெறும் தேதி. கிடைக்காவிட்டால் இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பது இவர்கள் சட்டம். இரண்டு வருஷம் என்றால் இருபத்துநாலு முப்பதாம் தேதி, பிப்ரவரிக்கு இருபத்தெட்டு.

போன் அதிர்ந்தது. பாலகுரு. வெட்டிவிடலாம் என்று நினைப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது, பன்னிரண்டு வருஷப் பழக்கம். “செண்பகம், எல்லாம் கூட்டிப் பார்த்துட்டேன். நூத்தம்பது பெட்டி இடிக்குது. பெருமாளுக்குப் போட்டுருங்க.” “சார், பெருமாள் அண்ணாச்சிகிட்ட போன மாசத்துச் சரக்கே அப்படியே இருக்கு.” “போன மாசம் போன மாசம். இந்த மாசத்துக்கு என்ன சொல்றீங்க?” “அவர் குடோன்ல இடம் இல்ல சார்.” “இடம் இல்லன்னு அவர் சொன்னாரா, நீங்க சொல்றீங்களா? பதினொன்னரைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா டிப்போலேர்ந்து வண்டி ஏத்திருவேன். அப்புறம் நேரம் இல்ல.” வைத்துவிட்டார். அவர் கேட்டதுதான் குத்தியது. அண்ணாச்சி சொல்லவில்லை. இடம் இல்லை என்று செங்கல்பட்டு ஏஜென்ட் லட்சுமணப் பெருமாள் அண்ணாச்சி இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் கோளாறே. மற்ற ஏஜென்ட்டுகள் கத்துவார்கள், போனை எடுக்க மாட்டார்கள், வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள், ஒருத்தர் அவள் வருகிறாள் என்று தெரிந்து குடோனைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். அண்ணாச்சி மட்டும் அனுப்புங்கம்மா என்பார். கம்பெனி அவருக்கு விற்றால் அதோடு கம்பெனிக்கு விற்பனை முடிந்தது, அவள் டார்கெட் முடிந்தது, வரைபடத்தில் கோடு ஏறிவிட்டது. அவர் அதைக் கடைகளுக்கு விற்று, கடைகள் சனங்களுக்கு விற்று, யாராவது ஒருத்தி பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலைக்கு ஊற்றுகிற வரைக்கும் அந்தச் சரக்கு எங்கே தூங்குகிறது என்று வரைபடம் கேட்பதில்லை. எங்கே தூங்குகிறது என்று அவள் போன மாசம் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். குடோன் நிறைந்து, வீட்டு வராந்தா நிறைந்து, கூடத்துக்குள் பெட்டி வந்துவிட்டது, இரண்டு பக்கமும் கூரை தொடுகிற அளவுக்கு, நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அண்ணாச்சியின் மனைவி சொர்ணம் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி அப்போது மூன்று வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அந்தப் பாதையில் வாக்கர் நேராகப் போகாது, அகலம் பற்றாது. அக்கா பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்று எழுந்தபோது அண்ணாச்சி ஓடிப்போய் ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தினார், ஆறு பெட்டி, அறுபத்திரண்டு வயதில், மூச்சு வாங்க. அக்கா திரும்பி வரும் வரைக்கும் நின்று, வந்ததும் மறுபடி ஆறு பெட்டியையும் அடுக்கினார். செண்பகவல்லி கையில் காபி டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாப் பெட்டியிலும் அவள் கம்பெனி ஷாம்பூ விளம்பரப் பெண் நீளக் கூந்தலை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் இல்லம்மா, இது எனக்கு எக்சர்சைஸ்லா,” என்று அண்ணாச்சி அவளுக்குச் சமாதானம் சொன்னார். அவருக்கு அவள் சொல்ல வேண்டிய சமாதானத்தை அவர் அவளுக்குச் சொன்னார்.

மரம், மரத்தை நினை. விற்பனை குறைந்தால் முதல் கிளை சந்தை, இரண்டாம் கிளை போட்டியாளர், மூன்றாம் கிளை நம் கம்பெனி. கம்பெனிக்குக் கீழே பொருள், விலை, விளம்பரம், விநியோகம். விநியோகத்துக்குக் கீழே ஏஜென்ட், ஏஜென்ட்டுக்குக் கீழே குடோன், குடோனுக்குக் கீழே கூடம், கூடத்துக்குள் வாக்கர். சே. நாலாவது கிளைக்கு மேல் போனால் எந்த மரமும் செங்கல்பட்டில் போய் நிற்கிறது. தண்ணீர் குடித்தாள். வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள், இன்னும் பதினைந்து நிமிஷம் மேம் என்றாள், அந்த மேமில் ஒரு தேவையில்லாத மரியாதை இருந்தது, எதிரே இருக்கிறவர்களுக்கு அவள் மேம் சொல்லவில்லை. அவர்களுக்குச் சித்தியோ பெரியம்மாவோ துணைக்கு வந்திருப்பதாகக்கூட நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். அண்ணாச்சிக்கு ஒரு போன் போட வேண்டும். போட்டு என்ன சொல்வது? அனுப்பவா என்று கேட்டால் அனுப்புங்கள் என்பார். கேட்காமல் அனுப்பினால் அதைவிடக் கேவலம். கேட்காமலும் அனுப்பாமலும் இருந்தால் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக டார்கெட் தவறும், பாலகுரு தேடி வருவார், செங்கல்பட்டு பஜாரில் அவள் இல்லை என்பது தெரியும், இங்கே வேலையும் கிடைக்காமல் போனால் அங்கே வேலையும் இல்லை. நயினாரின் சம்பளத்தில் வீடு ஓடாமல் போகாது, ஆனால் தோற்காத ஆள் என்று சொன்னவர் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த முகத்தில் விழிக்கிற கவலை எப்போதிருந்து அவளுக்குப் பெரிதாகப் போயிற்று? சொர்ணம் அக்கா முகத்தில் மட்டும் விழிக்கலாமா? எழுந்தாள். முனகல் வந்தேவிட்டது, பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். லிப்ட் ஓரமாகப் போய் நின்று அண்ணாச்சி எண்ணை அழுத்தினாள்.

“சொல்லுங்கம்மா,” என்றார் அண்ணாச்சி, முதல் மணியிலேயே எடுத்து. பின்னால் மிக்சி ஓடியது. அவள் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். “நல்லா இருக்கா. நேத்து வாசல் வரைக்கும் நடந்துட்டால்லா. டாக்டர் நடக்கச் சொல்லுதாரு, நிறைய நடக்கணுமாம். இங்க எங்கன நடக்க, அதான் வாசலுக்குப் போயிட்டு வாரா.” குறையாகச் சொல்லவில்லை, சேதியாகத்தான் சொன்னார். பிறகு அவரே கேட்டார், “என்னம்மா, கடைசி நாளா? எம்புட்டு இடிக்கி?” இந்த மனுஷனுக்கு ஏன் கோபம் வராது? ஒரே ஒரு தடவை, ஏம்மா உனக்கு மனசாட்சி இல்லையா என்று கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டவர் தலையில் சரக்கைக் கட்டுவது எளிது. “அனுப்புங்கம்மா. எங்கனயாவது வச்சிக்கிடுதேன். கட்டிலுக்கு அடியில கொஞ்சம் இடம் கெடக்கு.” கட்டிலுக்கு அடியில். சொர்ணம் அக்கா படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில். “அப்புறம் பேசுறேன் அண்ணாச்சி,” என்று வைத்துவிட்டாள். எத்தனை பெட்டி என்று சொல்லவில்லை. அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை, அதற்குப் பதிலாக ரித்விக் மேலும் பாலகுரு மேலும் அந்த சோபா மேலும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வெள்ளிப் பிள்ளையார் மேல் வந்தது. போனை அணைக்க வேண்டும் என்று ரித்விக் போட்டுக்கொடுத்த பட்டியலில் நாலாவதாக இருந்தது. அணைப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஷென்பகவல்லி என்று ஒரு ஷ போட்டு. அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே கண்ணாடி மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் நந்திதா என்று ஒருத்தி, முப்பது வயது இருக்கும், கழுத்துக்கு மேலே வெட்டிய முடி, கை குலுக்கும்போது கை ஜில்லென்று இருந்தது. பேச்சு முழுக்க ஆங்கிலம். முதல் பத்து நிமிஷம் மோசமில்லை. வேலை அனுபவத்தைக் கேட்டாள், செண்பகவல்லி ஒத்திகை பார்த்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், எதுவும் கீழே விழவில்லை. பிறகு நந்திதா ஒரு தாளை நகர்த்தினாள். பிஸ்கட் கம்பெனி. ஆறு மாசத் தினசரி விற்பனை. கோடு தரையோடு தரையாகப் போய்க் கடைசி மூன்று நாள் செங்குத்தாக ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. ஆறாவது மாசம் மட்டும் இருபத்தேழாம் தேதியோடு நின்றிருந்தது. இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றாள் நந்திதா. செண்பகவல்லிக்கு ஒரு நொடி நம்ப முடியவில்லை. பதினாலாவது கேஸ். விடை தெரிந்த கேள்வி, நாக்கு நுனியில் வரிசையாக நிற்கிறது, சம்பள நாள், வாங்கும் சக்தி, விளம்பரத் தேதி, சொல்லிவிட்டு நிமிர்ந்தால் பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக உட்கார்ந்துவிடலாம். அவள் ஒரு நிமிஷம் யோசிக்க அனுமதி கேட்டாள். பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போட்டாள், அதிலிருந்து மூன்று கிளை. பைக்குள் போன் உறுமியது, நின்றது. முதல் கிளையில் வாடிக்கையாளர் என்று எழுதினாள். சம்பளம் என்று எழுத வேண்டும், எழுதினால் போதும். ஆறு ஏற்றம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ஏற்றம். ஒவ்வொரு ஏற்றத்துக்கு அடியிலும் யாரோ ஒருத்தர் பெட்டி நகர்த்திக்கொண்டு இருக்கிறார். பிஸ்கட் பெட்டி கனமிருக்காது, ஆனால் இடத்தை ஷாம்பூவைவிட அதிகமாக அடைக்கும். போன் மறுபடி உறுமியது. சுவரில் மணி பதினொன்று இருபது. இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று இந்தக் கட்டடத்திலேயே தெரிந்தவள் தான் ஒருத்திதான், அதையும் சொல்லாமல் சம்பளம் என்று எழுதிவிட்டு இங்கே ஒரு நாற்காலி வாங்கினால், முப்பதாம் தேதி தன்னை விடப்போவதில்லை, ஒன்பதாவது மாடிக்கும் லிப்ட் ஏறி வரும் என்று தோன்றியது. பென்சிலைக் கீழே வைத்தாள். “தமிழ்லயே சொல்லவா மேடம்?” என்றாள். நந்திதா புருவத்தை உயர்த்திவிட்டு, “சொல்லுங்க,” என்றாள்.

“இது சனங்க வாங்குனது இல்ல மேடம். சம்பளம் வந்து வாங்குனா ஒண்ணாம் தேதியும் ரெண்டாம் தேதியும் இன்னும் ஏறணும், இங்க விழுது பாருங்க. இது கம்பெனி ஆளுங்க டார்கெட் முடிக்க ஏஜென்ட்டுங்களுக்குத் தள்ளிவிட்டது. பிஸ்கட் அவங்க குடோன்ல இருக்கு. குடோன் நிறைஞ்சிருந்தா வீட்டுல இருக்கு. உங்க க்ளையன்ட் விற்பனை குறையுதுன்னு இன்னும் ரெண்டு மாசத்துல உங்ககிட்ட வருவாங்க, ஆனா அப்ப புதுசா ஒண்ணும் குறைஞ்சிருக்காது, முன்னாடியே விற்பனை இல்லாததுதான் தெரிய வரும்.” நந்திதா ஏதோ குறித்துக்கொண்டாள். “எவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?” என்று தமிழிலேயே கேட்டாள். கதை சொல்லாதீங்க அக்கா என்றான் ரித்விக் காதுக்குள். பேசாமல் இரு என்றாள் இவள் அவனிடம். “நான் பன்னெண்டு வருஷம் செஞ்சேன் மேடம். இந்தக் கோடு போட்டது நான்தான். பிஸ்கட்டு இல்ல, ஷாம்பூ. அதுக்கு வெள்ளியில பிள்ளையார்கூடக் குடுத்தாங்க.” சொல்லிவிட்டாள். தன்னைத் தானே இப்படிக் காட்டிக்கொடுத்தவளை எவள் வேலைக்கு எடுப்பாள் என்று உள்ளே ஒன்று தலையில் அடித்துக்கொண்டது. பைக்குள் போன் மூன்றாவது தடவையாக உறுமியது. அவள் அதை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல், அந்தத் தாளுக்குப் பக்கத்தில், திரை தெரிகிற மாதிரி வைத்தாள். பாலகுரு சார் என்று பெயர் மின்னியது. கண்ணாடியில் போன் தடதடவென்று நடுங்கிக்கொண்டே தாளைப் பார்த்து நகர்ந்தது. “இன்னிக்கு முப்பது மேடம். நூத்தம்பது பெட்டி தள்ளணும். பதினொன்னரை வரைக்கும் நேரம் இருக்கு.”

நந்திதா போனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “எடுக்கலையா?”

“எடுத்தா கோடு ஏறிடும். எடுக்கலேன்னா, செங்கல்பட்டுல வாக்கரை வச்சு நடக்குற ஒரு அக்காவுக்கு அடுத்த மாசம் கொஞ்சம் இடம் கிடைக்கும்.”

போன் நடுங்கி நடுங்கி நின்றது. சுவரில் மணி பதினொன்று இருபத்தொன்பது. செண்பகவல்லி பென்சிலை எடுத்து, ஆறாவது மாசம் இருபத்தேழாம் தேதியோடு நின்றிருந்த கோட்டில் வைத்து, முப்பது வரைக்கும் மேலே ஏற்றாமல் நேராக இழுத்துவிட்டாள்.